பழைய வில், புதிய தோள்

கச்சான் சுழன்றடித்த ஒரு ஆடி மாதப் பின்னேரம், தங்கச்சியின் மகன் நீளமான கறுப்புப் பையோடு திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு வந்தான். உள்ளே ஒரு பழைய கொம்பவுண்ட் வில், முனைகளில் கப்பி வைத்த வகை. கொழும்பில் தெரிந்த ஒருவரிடம் வாங்கியதாம். பையைத் திறந்த கையோடு, "மாமா, சும்மா ஒருக்கா இழுத்து விட்டுப் பார்க்கிறன்" என்று நாணைப் பிடித்தான். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அம்பு வைக்காமல் நாணை விடுவதைப் போல இந்த வில்லுக்குக் கேடு வேறில்லை.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். 25 கிராம் அம்பு ஒன்று வினாடிக்கு 75 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் அதில் இருப்பது ஏறத்தாழ 70 ஜூல் ஆற்றல். 7 கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து போட்டால் நிலத்தில் விழும் அடி அவ்வளவு. அம்பு இருந்தால் அந்த ஆற்றலில் பெரும்பகுதியை அது எடுத்துக்கொண்டு போய்விடும். அம்பு இல்லையென்றால் முழுவதும் வில்லுக்குள்ளேயே திரும்பி அடிக்கும். நாண் கழன்று பறக்கலாம், வில்லின் கை, அதாவது மேலும் கீழும் வளையும் தகடு, பிளக்கலாம், உடைந்த துண்டு முகத்தில் பாயலாம். பாரம் மிகக் குறைந்த அம்பும் அரைவாசி இதே வேலையைத்தான் செய்யும். ஒரு இறாத்தல் இழுவிசைக்குக் குறைந்தது 5 கிரெய்ன் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கீழெல்லை. 50 இறாத்தல் வில்லுக்கு 250 கிரெய்ன், அதாவது 16 கிராமுக்குக் குறையாத அம்பு வேண்டும்.

சாதாரண வில்லை இழுக்க இழுக்கப் பாரம் கூடிக்கொண்டே போகும். முழுக்க இழுத்துக் குறி பார்க்கிற நேரத்தில்தான் கை அதிகமாக நடுங்கும். அமெரிக்காவின் மிசூரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் அலன் இதை மாற்ற நினைத்தார். 1966இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1969இல் கிடைத்தது. வில்லின் இரு முனையிலும் அச்சு நடுவில் இல்லாத கப்பிகளைப் பொருத்தியதுதான் அவர் செய்த புதுமை. இன்று அவற்றைக் கேம் என்கிறார்கள். 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இந்த வகை வில் முதன்முறையாக, கலப்பு அணிப் போட்டியில் இடம்பெறப் போகிறது.

கேம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம்மூர்த் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். தாங்கியில் இருந்து தூரத்தில் பிடித்து இழுத்தால் பாரம் குறைவு, கிட்டப் பிடித்தால் கூட. கேமில் நாண் ஒரு தடத்திலும், வில்லின் மேல் முனையையும் கீழ் முனையையும் இணைக்கும் கயிறான கேபிள் இன்னொரு தடத்திலும் ஓடுகின்றன. இழுக்கத் தொடங்கும்போது நாண் அச்சுக்குக் கிட்டவும் கேபிள் தூரத்திலும் இருக்கும். அதனால் பாரம் சட்டென ஏறும். கேம் சுழலச் சுழல நிலைமை தலைகீழாகிறது. நாண் அச்சில் இருந்து விலகிப் போகும், கேபிள் நெருங்கி வரும். வில்லின் கைகள் முன்னைவிட அதிகமாக வளைந்திருக்க, உங்கள் விரலில் பாரம் மட்டும் விழுந்துவிடும். 80 சதவீதம் தளரும் 50 இறாத்தல் வில்லை முழு இழுவையில் பிடித்து நிற்க 10 இறாத்தல் போதும். முதன்முதல் அதை உணர்கிற ஆளின் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னமும் ஆசை.

இந்த வசதியோடு ஒரு சிக்கலும் வருகிறது. இரண்டு கப்பி, இரண்டு கை, ஒரு நாண், கேபிள்கள். இவற்றில் ஒன்று கொஞ்சம் பிசகினாலும் நாண் கோணலாக முன்னால் பாயும். வில்லைச் சரிசெய்வதாக நாம் செய்கிற ஒவ்வொரு வேலையும், நாணில் கொளுவிய அம்பின் வால் நேர்கோட்டில் முன்னேற வேண்டும் என்பதற்காகத்தான். இதை மனதில் வைத்தால் எதை முதலில் தொட வேண்டும் என்ற குழப்பம் வராது.

முதலில் உடம்பு பரிசோதனை. பஞ்சுத் துண்டு ஒன்றை வில்லின் கைகளின் ஓரங்களில் மெல்ல இழுத்தோம். வெடிப்பு இருந்தால் இழை சிக்கிக்கொள்ளும். சிக்கவில்லை. கேம்களின் ஓரத்தில் நெளிவோ கூரிய வெட்டோ இருக்கிறதா என்று நகத்தால் தடவினோம். அச்சு முனைகளில் கொஞ்சம் துரு இருந்தது. மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில் இதைச் சும்மா விடக்கூடாது, உப்புக் காற்று இன்னும் தின்னும். நாணில் மயிர் மயிராக இழை கிளம்பியிருந்தது. அதற்கு மெழுகு போதும். ஆனால் ஒரு இழை அறுந்திருந்தாலோ, மேலே சுற்றிய நூல் விலகியிருந்தாலோ நாணையே மாற்ற வேண்டும். இந்த நாண்கள் பெரும்பாலும் டைனீமா போன்ற இழைகளால் ஆனவை. மீன்பிடிக்கும் பின்னல் நூலிலும் இதே இழை உண்டு. அறுக்க முடியாத பலம், ஆனால் தொடர்ந்த இழுவையில் மெல்ல மெல்ல நீளும், வெயிலில் இன்னும் வேகமாக. அதனால் வில்லைப் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுக் கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போகாதீர்கள்.

அடுத்தது அளவு. பழைய வில் முந்தியவருடைய உடம்புக்குத் தைத்த சட்டை. இரு கைகளையும் விரித்து விரல் நுனிக்கு நுனி அளந்து 2.5ஆல் பிரித்தால் இழுவை நீளம் ஏறக்குறையக் கிடைக்கும். மருமகனுக்கு 175 சென்ரிமீட்டர். பிரித்தால் 70, அதாவது ஏறத்தாழ 27.5 அங்குலம். வில்லோ 29இல் இருந்தது. அப்படியே எய்திருந்தால் பின்னால் சாய்ந்து நின்றிருப்பான், நாண் முன்னங்கையை உரித்திருக்கும். நல்ல காலம், இவனுடைய வில்லில் கேம் மேல் உள்ள சிறு தகட்டைத் துளை மாற்றிப் பூட்டினால் போதும்.

பாரத்தைக் குறைக்க வில்லின் கைகளின் அடியில் உள்ள பெரிய போல்ட்டுகளை அலன் கீயால் தளர்த்த வேண்டும். மேலே எத்தனை சுற்றோ கீழேயும் அத்தனை. ஒரு சுற்றுக்கு 2 முதல் 3 இறாத்தல் வரை குறையும். தயாரித்தவர் சொன்ன எல்லைக்கு மேல் தளர்த்தினால் கை கழன்று தெறித்துவிடும். 50இல் இருந்ததை மேலும் கீழும் நாலு சுற்றுத் தளர்த்தி 40 அளவுக்குக் கொண்டுவந்தோம். கதிரையில் இருந்தபடி, வில்லை வானத்துக்குத் தூக்காமல் நேராக இழுக்க முடிந்தால் அந்தப் பாரம் உங்களுக்குரியது.

பிறகு கேம்கள். அம்பு கொளுவி, இலக்கைப் பார்த்தபடி அவன் மெதுவாக இழுக்க, நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். மேல் கேமும் கீழ் கேமும் ஒரே நேரத்தில் தடுப்பில் முட்ட வேண்டும். ஒன்று முந்தினால் அம்பின் வால் மேலோ கீழோ உந்தப்படும். கேபிளை அரை முறுக்குக் கூட்டியோ குறைத்தோ இதைத் திருத்தலாம், ஆனால் அதற்கு வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரெஸ் வேண்டும். பிரெஸ் இல்லாமல் கேபிளைக் கழற்ற நினைக்கவே கூடாது, சும்மா தொங்கும் வில்லிலும் கைகள் முறுகித்தான் நிற்கின்றன. எங்களுடையது சரியாகவே முட்டியது.

அம்பு தாங்கியை வைப்பதில் அவசரப்படாதீர்கள். அம்பு, பிடிக்கு மேலே உள்ள துளையின் நடுவுக்கு நேராகவும் நாணுக்குச் செங்குத்தாகவும் இருக்கட்டும். மேசன்மாரின் சின்ன நீர்மட்டம் இதற்கு நன்றாக உதவும். அம்பின் விறைப்பும் வில்லுக்குப் பொருந்த வேண்டும். அம்பில் 500 என்று எழுதியிருந்தால், 28 அங்குல இடைவெளியில் இரண்டு இடத்தில் முட்டுக் கொடுத்து, நடுவில் 1.94 இறாத்தல் தொங்கவிட்டபோது அது 0.500 அங்குலம் வளைந்தது என்று பொருள். எண் சிறிதானால் விறைப்புக் கூட. காபன் அம்பை ஒவ்வொரு முறையும் லேசாக வளைத்துக் காது கொடுங்கள். சடசடத்தால் முறித்துப் போட்டுவிடுங்கள், உள்ளங்கைக்குள் உடைந்தால் தாங்க மாட்டீர்கள்.

சரி, இப்போது அம்பு நேரே போகிறதா என்று பார்க்கும் கடதாசிச் சோதனை. ஒரு மரச்சட்டத்தில் கடதாசியை இழுத்து ஒட்டி, அதற்குப் பின்னால் பழந்துணி அடைத்த நெல்லுச் சாக்கு, அதற்கும் பின்னால் மதில். மதிலோ மண்மேடோ இல்லாமல் எய்யவே கூடாது. ஆட்கள் மட்டுமல்ல, மான்களும் தெருவில் நடக்கிற ஊர் இது. கச்சானில் கடதாசி படபடத்ததால் விறாந்தைக்குள் மாறினோம். இரண்டு மீட்டரில் நின்று எய்ய வேண்டும். அந்தத் தூரத்தில் அம்பின் இறகுகள் ஆட்டத்தைத் திருத்த இன்னும் நேரம் கிடைத்திருக்காது, அதனால் அம்பு வில்லை விட்டுப் புறப்பட்ட கோலம் அப்படியே கடதாசியில் பதியும். தலைத் துளைக்குச் சுற்றிலும் சமமாக இறகுகளின் கீறல் விழுந்தால் அம்பு நேரே போகிறது. வால் மேலே கிழித்தால் நாணில் கொளுவும் இடத்தைக் கொஞ்சம் இறக்கலாம், அல்லது தாங்கியை உயர்த்தலாம்.

அவனுக்கு இடப்பக்கம் ஒரு அங்குலம் கிழிந்தது. உடனே தாங்கியை நகர்த்தக் கை போனது. இன்னும் மூன்று எய் என்றேன். ஒன்று இடம், ஒன்று நேர், ஒன்று வலம். வில் இப்படி மாறி மாறிப் பேசாது, மனிதக் கைதான் பேசும். பிடியை இறுக்கிப் பிசைந்துகொண்டிருந்தான். பெருவிரல் அடிச்சதையில் மட்டும் வில்லைத் தாங்கி விரல்களைத் தளர்த்தச் சொன்னதும் கிழிசல் பாதியாகி, ஒரே பக்கம் விழத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் தாங்கியை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினோம். கிழிசல் சுருங்கினால் அதே பக்கம் தொடர வேண்டும், கூடினால் திரும்ப வேண்டும். கடைசியாகக் கால் அங்குலம் சுருங்க மறுத்தது. இறகில் முகப்பவுடர் பூசி எய்து பார்த்தோம். தாங்கியின் ஒரு பக்கத்தில் வெள்ளை ஒட்டியிருந்தது. அம்பின் வாலைக் கொஞ்சம் திருப்பியதும் இறகு உரசாமல் போனது, துளையும் சுத்தமாக விழுந்தது.

புதியவர்கள் முதலில் தொடுகிற சைட்டை, அதாவது வில்லில் பூட்டிய குறி பார்க்கும் ஊசியை, நாங்கள் கடைசியில்தான் தொட்டோம். அம்புகள் விழுகிற பக்கமே ஊசியை நகர்த்த வேண்டும். கண்ணில் இருந்து ஊசி 80 சென்ரிமீட்டரில் இருந்தால், அங்கே ஒரு மில்லிமீட்டர் 20 மீட்டரில் 25 மில்லிமீட்டராகிறது. அடுத்த நாள் காலை, காற்று எழும்ப முதல், வளவில் 10 மீட்டரில் தொடங்கி 20 வரை போனோம்.

அச்சுக்கு அச்சு உள்ள தூரம், பிடியில் இருந்து நாண் வரை உள்ள தூரம், போல்ட் சுற்று, தாங்கியின் இடம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிவைத்திருக்கிறான். நாணில் உள்ள, குறி பார்க்கும் பீப் துளை ஒரு நாள் கண்ணுக்கு நேராக வராமல் திரும்பி நின்றால் நாண் நீண்டுவிட்டது என்று பொருள். அன்றைக்கு அந்தக் கொப்பியை எடுத்துத் திரும்ப அளக்க வேண்டும்.