கணவரின் பாவங்களைக் கொப்பித்தாளில் எழுதிக்கொண்டு வராதீர்கள்

போன கிழமை பங்குப் பணிமனைக்கு ஓர் அம்மா வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. கைப்பையிலிருந்து நாலாக மடித்த கொப்பித்தாள் ஒன்றை எடுத்து விரித்து, என் மேசையில் வைத்துக் கையால் நீவிவிட்டார். இலக்கம் போட்டு 11 வரிகள். ஏழாவது வரிக்குக் கீழே இரண்டு தரம் கோடு.

"ஃபாதர், எங்கட அவர் வெள்ளிக்கிழம பாவசங்கீர்த்தனத்துக்கு வருவார். தானா ஒண்டும் சொல்ல மாட்டார். நீங்க இதுல உள்ளத ஒவ்வொண்டா கேளுங்க."

பாவசங்கீர்த்தனம் என்றால் தன் பாவத்தைத் தானே குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது. நான் தாளை வாசிக்கவில்லை. கோடு போட்டது மட்டும் கண்ணில் பட்டது. மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு என்மேல் கோபம்.

இந்தத் தவக்காலத்தில் இப்படி வந்தது இது மூன்றாவது. முதலாவது ஒரு தொலைபேசி அழைப்பு: "மகன் வந்தவனா ஃபாதர்? அந்தப் பிள்ளையப் பத்திச் சொன்னவனா?" இரண்டாவது ஒரு மாமியார். தான் பாவசங்கீர்த்தனம் செய்ய ஆயத்தமாம், ஆனால் மருமகள் முதலில் செய்யவேண்டுமாம். மூன்றுக்கும் வாயால் பதில் சொல்லிக் களைத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன மூன்றும் பணிமனையிலும் தொலைபேசியிலும் நடந்தவை. ஆட்களை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள், அதாவது குரு இருந்து பாவம் கேட்கும் அந்தச் சிறு கூண்டுக்குள், கேட்டது எதுவும் இந்தக் கட்டுரையில் இல்லை, இனி எழுதும் எதிலும் இருக்காது. அந்த இரகசியத்தை எந்தக் காரணத்துக்காகவும் மீற முடியாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் எண். நேரடியாக மீறிய குரு, தீர்ப்பு எதுவும் இல்லாமலே, அந்தக் கணமே திருச்சபைக்கு வெளியில் நிற்பார். ஆகையால் "வந்தாரா?" என்று கேட்டால்கூட என்னிடம் பதில் கிடைக்காது. மனைவி கேட்டாலும் சரி, பொலிஸ் கேட்டாலும் சரி, ஆயர் கேட்டாலும் சரி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒப்புரவு அருட்சாதனத்தை, அதாவது இந்தப் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி எத்தனையோ பிழையான எண்ணங்கள் உலவுகின்றன. அவற்றில் எனக்கு ஆகவும் எரிச்சலூட்டுவது, அதை முறைப்பாட்டு மேசையாக நினைப்பது. பொலிஸில் என்ட்ரி போடுவதுபோல மைத்துனி செய்தது, பக்கத்துவீட்டுக்காரர் மதிலைத் தள்ளிக் கட்டியது, அண்ணன் காணி உறுதியை மாற்றி எழுதியது என்று அடுக்கத் தொடங்குவது. அதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். மைத்துனி மோசமான ஆளாகவே இருக்கலாம். ஆனால் மைத்துனியின் பாவத்துக்கு உங்களிடம் மன்னிப்புத் தர என்னால் முடியாது. ஒருவரின் நோய்க்கு இன்னொருவர் மருந்து குடிக்க ஏலாது.

இதில் நம்முடைய மொழியும் நமக்கு நன்றாக ஒத்தாசை செய்கிறது. தமிழில் பாவம் தானாக நடக்கும். கவனித்திருக்கிறீர்களா? "கோபம் வந்திட்டுது." "வாய் தவறிட்டுது." "கை நீண்டிட்டுது." "பொய் சொல்ல வேண்டி வந்திட்டுது." "அப்படியே பழகிப் போச்சு." கோபம் வந்தது, போனது. வாய் தவறியது. நான் எங்கே? நான் அந்தப் பக்கமே இல்லை, கையும் வாயும் தம் பாட்டில் ஏதோ செய்துகொண்டிருக்கின்றன, நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மழை பெய்ததுபோல, கரண்ட் போனதுபோல, பொய்யும் நடந்துவிட்டது. நல்லது நடந்தால் மட்டும் இலக்கணம் திருந்திவிடும். "கோவிலுக்குக் குடுத்திட்டுது" என்று ஒருவரும் சொல்வதில்லை. "நான்தான் குடுத்தனான்."

பூசையின் தொடக்கத்தில் நாம் சொல்லும் செபத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும் பாவங்கள் பல *செய்தேன்*. அந்த "ஏன்" விகுதிதான் பாவசங்கீர்த்தனம் முழுவதும். அதைத் தொடர்ந்து "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்று மார்பில் தட்டுகிறோம். யாருடைய மார்பில்? பக்கத்து வாங்கில் இருப்பவரின் மார்பிலா?

விவிலியத்தில் முதல் பாவம் நடந்தவுடனேயே இதுவும் தொடங்கிவிட்டது. பழத்தைத் தின்றாயா என்று கடவுள் கேட்கிறார். ஆதாம் பெண்ணைக் காட்டுகிறார். அதுவும் எப்படி? நீர் எனக்குத் தந்த பெண் என்று, கடவுளையும் கூட்டுக் குற்றவாளியாக்குகிறார். பெண் பாம்பைக் காட்டுகிறாள். பாம்புக்குக் காட்ட ஆள் இல்லை.

அரசர் தாவீதைப் பாருங்கள். தன் படைவீரன் உரியாவின் மனைவி பத்சேபாவை எடுத்து, உரியாவைப் போர்முனையில் சாகவும் வைத்தவர். இறைவாக்கினர் நாத்தான் வந்து ஒரு கதை சொல்கிறார். ஆடுமாடு நிறைய வைத்திருந்த பணக்காரன், தன் விருந்தாளிக்கு ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை அடித்துச் சமைத்தான் என்று. தாவீது கொதித்து எழுகிறார். அந்த மனிதன் சாகவேண்டும் என்கிறார். மற்றவனின் பாவம் என்றால் அரசருக்குத் தீர்ப்பு எவ்வளவு விரைவாக வருகிறது! "நீயே அந்த மனிதன்" என்கிறார் நாத்தான். தாவீதுக்கு நான் மதிப்புக் கொடுப்பது அதற்குப் பிறகு அவர் சொன்னதற்காக. ஆண்டவருக்கு எதிராக நான் பாவம் செய்துவிட்டேன். அவ்வளவுதான். பத்சேபா ஏன் என் கண்ணில் பட அங்கே குளித்தாள் என்று கேட்கவில்லை. இதை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சாமுவேல் இரண்டாம் நூல், 12ஆம் அதிகாரம், 13ஆம் வசனம். தாவீது ஒப்புக்கொள்வதும் அந்த வசனத்தில்தான், ஆண்டவர் உம் பாவத்தை நீக்கிவிட்டார் என்ற பதிலும் அதே வசனத்தில்தான். அடுத்த வசனத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"நான் பெரிசா ஒரு பாவமும் செய்யேல்ல ஃபாதர், கொலையா களவா?" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடமையில் தவறியது என்றும் அந்தச் செபத்தில் இருக்கிறது. கொழும்பில் எத்தனை வீடுகளில் மலையகத்திலிருந்து வந்த ஒரு பிள்ளையோ ஓர் அம்மாவோ வேலைக்கு நிற்கிறார்கள்? அவர்களுடைய தேத்தண்ணிக் கோப்பை எங்கே இருக்கிறது? எங்கள் கோப்பைகளோடு அலுமாரியிலா, பின்பக்கத் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாகவா? வீடு சந்திக்கப் போகும் இடங்களில் என் கண் அங்கேதான் போகிறது, தொழில் பழக்கம். சம்பளத்தை 10ஆம் திகதி வரை இழுத்துவிட்டு, தீபாவளிக்கு ஊருக்குப் போக லீவு இல்லை என்று சொல்லிவிட்டு, வந்து முழந்தாளிட்டு "பராக்குக்கு இடங்கொடுத்தேன்", அதாவது செபத்தில் கவனம் சிதறியது, என்று மட்டும் சொன்னால் என்ன செய்வது?

காசு விஷயம். பாவப்பொறுத்தலுக்குக் கட்டணம் இல்லை. அதேவேளை, பாவப்பொறுத்தல் கடனைத் தள்ளுபடி செய்வதும் இல்லை. எடுத்துக்காட்டுக்கு, சீட்டுப் பிடித்து மற்றவர்களின் காசைச் சுருட்டிய ஒருவர் வந்து மனம் வருந்தினால் மன்னிப்பு உண்டு. ஆனால் காசு சீட்டுக் கட்டியவர்களிடம் திரும்பிப் போகவேண்டும். கோவில் உண்டியலில் 5,000 ரூபாய் போடுவது அதற்கு ஈடாகாது, உண்டியல் அந்தக் காசின் விலாசம் அல்ல. விவிலியத்தில் வரும் வரி தண்டுபவர் சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றாரே தவிர, தொழுகைக்கூடத்துக்கு மின்விசிறி வாங்கித் தருகிறேன் என்று சொல்லவில்லை.

இனி, மறுபக்கத்தில் நிற்பவர்களிடம் குரலைத் தாழ்த்திப் பேசவேண்டும்.

சிலர் எதிலும் பாவத்தைக் காண்பவர்கள். மன்னிப்புப் பெற்று வாசலைத் தாண்டமுன் "சரியாச் சொன்னனா?" என்று மனம் குடையும். அதே பழைய பாவத்தை அடுத்த கிழமை இன்னொரு குருவிடம் சொல்வார்கள். இலத்தீனில் இதற்கு வைத்த பெயரின் பொருள் கூரான சின்னக் கல். செருப்புக்குள் போன கல்தான். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரே 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதே கல்லோடுதான் நடந்தார், சாக நினைக்கும் அளவுக்கு. அன்பானவர்களே, மன்னிப்பு ஓர் உணர்ச்சி அல்ல. நெஞ்சு இலேசானால்தான் மன்னிப்புக் கிடைத்தது என்று கணக்கில்லை. ஒரே குருவிடம் போங்கள், அவர் போதும் என்றால் போதும். கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவுவதுபோல இது உங்களை ஆட்டிவைத்தால், மனநல மருத்துவரையும் பாருங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். அது விசுவாசக் குறைவு அல்ல.

இன்னும் சிலர் மற்றவரின் பாவத்தைத் தங்கள் தலையில் சுமந்துகொண்டு வருகிறார்கள். கணவன் அடித்தது தான் எதிர்த்துப் பேசியதால் என்று நம்பும் பெண்களுக்கு இதைச் சொல்கிறேன்: அடி வாங்கியது உங்கள் பாவம் அல்ல. உங்கள் பாவத்தை மட்டும் கொண்டு வாருங்கள் என்று மேலே கத்தினேனே, அதன் மற்றப் பாதி இதுதான். மன்னிப்பதென்றால் அடி வாங்கத் திரும்பிப் போவது என்றும் பொருள் இல்லை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. ஒரு முக்கியமான விஷயம், என்னிடம் உதவி வேண்டுமென்றால் தொட்டிக்கு வெளியே, பணிமனையில் சொல்லுங்கள். உள்ளே சொன்னதை வைத்து நான் ஒருவரிடமும் பேச முடியாது, ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்க முடியாது.

கடவுளிடம் நேரே சொன்னால் போதாதா என்ற கேள்விக்கு பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை இயேசு சீடர்களுக்குக் கொடுக்கும் யோவான் 20:23ஐப் பாருங்கள், இங்கே நீட்டவில்லை. ஆனால் ஒன்று. ஒல்லாந்தர் காலத்தில், இந்த நாட்டில் அவர்கள் ஆண்ட பகுதிகளில் கத்தோலிக்கக் குருக்கள் இருக்கவே தடை. 1687இல் புனித யோசேப்பு வாஸ் வேடம் மாறி வந்து, இரவில் ஒளித்து ஒளித்துப் பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார். ஒரு குருவைக் காண நம் முன்னோர் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக்கியபோது நாம் எல்லோரும் போய் நின்றோம், படமும் எடுத்தோம். கொட்டாஞ்சேனையிலிருந்தோ வத்தளையிலிருந்தோ ஆட்டோவில் பத்து நிமிடத்தில் ஒரு கோவில் இருக்கிறது. போவதற்கு நேரம் இல்லை.

ஆகவே, தயவுசெய்து: பெரிய வெள்ளி வரைக்கும் பிந்த வேண்டாம். அன்றைய வரிசையில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடமும் ஒரு களைத்த குருவும்தான். சாவான பாவங்களை, அதாவது கனமான பாவங்களை, வருடத்தில் ஒரு தரமாவது அறிக்கையிடவேண்டும் என்பது 1215இலிருந்து இருக்கிற கட்டளை, அது ஆகக் குறைந்த அளவு, இலக்கு அல்ல. என்ன செய்தீர்கள், எத்தனை தரம் என்று சொன்னால் போதும். கதை வேண்டாம். மற்றவர்களின் பெயர் வேண்டவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்பாதீர்கள், கனடாவிலிருந்து என்றாலும் சரி. நேரில் வராமல் இந்த அருட்சாதனம் இல்லை, போதாக்குறைக்கு அந்த வொய்ஸ் நாளைக்கு யார் கையில் கிடக்குமோ. பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர் பத்தடி தள்ளி நில்லுங்கள், "தங்கச்சிக்கு அடிச்சதையும் சொல்லு" என்று பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் மனம் வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரம் மறந்துபோனதால் வராமல் இருப்பவர்களே, தாளைப் பார்த்து வாசியுங்கள், அதுவும் இல்லாவிட்டால் உங்கள் வாயில் வருகிற தமிழில் சொல்லுங்கள். 20 வருடம் என்றாலும் வாருங்கள். முன்பு எந்தக் குருவாவது ஏசியிருந்தால் அது எங்கள் பிழை, அதற்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன், வேறொருவரிடம் போங்கள். நீங்கள் சொன்னதை நினைத்து அடுத்த ஞாயிறு உங்கள் முகத்தைப் பார்ப்பேன் என்று பயப்பட வேண்டாம். மூன்று மணித்தியாலம் அந்தக் கதிரையில் இருந்து எழும்பும்போது எனக்கு மிஞ்சுவது நாரி நோவு மட்டும்தான்.

கடைசியாக என் கதை. இரகசியம் கேட்டவரைத்தான் கட்டும். சொன்னவர் தன்னுடையதை வெளியில் சொல்லலாம், ஆகவே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு பூசையில் மைக் இரண்டு தரம் நின்றது. பூசை முடிந்து உள்ளே வந்ததும், எங்கள் கோவில் சங்கிலித்தாம் ஐயாவை, பூசைக்கு வேண்டியதை ஆயத்தம் செய்பவரை, பீடப் பணியாளர் பொடியன்கள் நான்கு பேருக்கு முன்னால் வைத்து ஏசினேன். அவருக்கு என் அப்பாவின் வயது. அடுத்த நாள் ஒரு வயோதிபக் குருவிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "எங்கட சங்கிலித்தாம் சொல்வழி கேக்கிறேல்ல. மூண்டு தரம் சொன்னனான். கவனமில்ல, அதால எனக்குக் கோபம் வந்திட்டுது" என்று தொடங்கினேன்.

"தம்பி, அது அவற்ற பாவம்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "அவர் வரட்டும், நான் கேக்கிறன். நீர் என்ன செய்தனீர்?"

நான் பேசாமல் இருந்தேன். அவரும் அவசரப்படவில்லை.

"ஏசினனான்."

"ஆருக்கு முன்னால?"

"பொடியங்களுக்கு முன்னால."

"அப்ப அவங்களுக்கு முன்னாலேயே மன்னிப்புக் கேளும்."

அதுதான் அபராதம். ஒரு செபமாலை தந்திருக்கலாம். ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு, பொடியன்கள் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டிருக்க, ஐயா மெழுகுதிரியை வெட்டிக்கொண்டிருந்தார். "அண்டைக்குக் கோபம் வந்து..." என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "ஐயா, போன கிழமை இவங்களுக்கு முன்னால உங்கள ஏசினனான். மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கத்தியைத் துடைத்துவிட்டு, "பற்றரி மாத்த மறந்தது நான்தான் ஃபாதர்" என்றார். பிறகு பொடியன்களைப் பார்த்து, மணி அடிக்க நேரமாச்சு என்று அதட்டினார்.