அனமார்ஃபிக்: அகலத்திரையும் அல்ல, உருத்திரிபும் அல்ல

"அகலத்திரை வில்லையை விரிகோண வில்லையின் முன் பொருத்தவும்." ஒளிப்பதிவு கற்றுத்தரும் தமிழ்க் காணொளிகளில் இந்த வாக்கியத்தை மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டேன். பழைய வைட் ஆங்கிள் லென்ஸின் முன்னால் அனமார்ஃபிக் அடாப்டரை, அதாவது காட்சியின் அகலத்தை மட்டும் ஒடுக்கிப் பதியவைக்கும் கண்ணாடியை, மாட்டச் சொல்கிறார்கள். கேட்பவருக்கோ இரண்டுமே அகலம் காட்டும் கண்ணாடி. பிறகு இரண்டு எதற்கு?

கிரேக்கத்தில் 'அனா' என்றால் மீண்டும், 'மார்ஃபே' என்றால் வடிவம். பிரான்சின் ஆன்ரி கிரெத்தியன் 1920களில் உருவாக்கிய வில்லை, 1953இல் ஹாலிவுட்டின் சினிமாஸ்கோப் ஆனது. தமிழில் 1973இல் 'ராஜராஜ சோழன்' அந்தப் பெயரைச் சுவரொட்டிக்குக் கொண்டுவந்தது. மூலம் இவ்வளவுதான்.

'அகலத்திரை வில்லை' ஏன் தவறு? அகலத்திரை என்பது விளைவு. சாதாரண வில்லையில் எடுத்த படத்தின் மேலும் கீழும் வெட்டினாலே 2.39 விகித அகலத்திரை (அகலம் உயரத்தைப் போல 2.39 மடங்கு) கிடைத்துவிடும். அனமார்ஃபிக் வில்லையின் வேலை வேறு. வட்டமான எவர்சில்வர் தட்டு ஒன்றை, அகலத்தைப் பாதியாக்கும் 2 மடங்கு அடாப்டர் வழியாகப் பாருங்கள்: நிறுத்திவைத்த முட்டை போல ஒடுங்கி நிற்கும். படத்தொகுப்பில் அகலத்தை இரு மடங்காக இழுத்தால் தட்டு மறுபடி வட்டமாகும். பின்னால் குவியம் தப்பிய விளக்கொளி மட்டும் நெட்டையான நீள்வட்டமாகவே நிற்கும். மொழிபெயர்ப்பாளர் திரையைப் பார்த்துப் பெயர் வைக்கிறார். கருவி செய்வதைப் பார்ப்பதில்லை.

'உருத்திரிபு வில்லை' என்பாரும் உண்டு. இது இன்னும் கெடுதல். திரிபு என்பது வில்லையின் குறை. பழைய அகலக்கோண (வைட் ஆங்கிள்) வில்லைகளில் ஓரத்துச் சுவர்க்கோடு வளையுமே, அதற்குத்தான் அந்தச் சொல் வேண்டும். இரண்டையும் சேர்த்து மாட்டும்போது இரண்டு பெயரும் ஒரே வாக்கியத்தில் தேவைப்படும். ஒரே சொல்லை இரண்டுக்கும் கொடுத்துவிட்டால் எதை வைத்து எதைச் சொல்வது?

இலக்கணத்தில் ஐகாரக்குறுக்கம் படித்திருப்போம். ஐ தன் மாத்திரையில் குறைகிறது. எழுத்து ஐகாரமாகவே இருக்கிறது. இந்த வில்லையிலும் அதுவே நடக்கிறது: அகலம் மட்டும் குறைகிறது, உருவம் அழிவதில்லை. ஆகவே 'குறுக்கம்' என்ற வேரே பொருந்தும். ஆனால் 'அகலக்குறுக்க வில்லை' என்று எழுதினால் கண் அதைக் 'குறுக்கவில்லை' என்று வாசித்துவிடும். ஒலிபெருக்கி, ஒலிவாங்கி போல 'அகலங்குறுக்கி' என்போம். அடாப்டருக்கு அது தனியே போதும். முழு வில்லையானால் 'அகலங்குறுக்கி வில்லை'.

'விரிகோண வில்லை'யையும் விட மனமில்லை. பள்ளிக் கணக்கில் விரிகோணம் என்றால் 90 பாகைக்கு மேல். சோவியத் காலத்து மிர்-1, குவியத்தூரம் 37 மி.மீ., நல்ல அகலக்கோண வில்லை. அது பார்ப்பது 60 பாகை. கணக்கில் அது குறுங்கோணம்! 28 மி.மீ. கூட 75 பாகைதான். 'அகலக்கோணம்' என்று முன்பே நல்ல சொல் இருக்க, கணக்கு வாத்தியாரிடமிருந்து ஒன்றைப் பிடுங்கி வருவானேன்?

சொல் சரியாக இருந்தால் கருவியும் புரியும். மிர்-1இன் முன் 2 மடங்கு அகலங்குறுக்கியை வைத்தால், உயரத்துக்கு அது 37 மி.மீ.யாகவே இருக்கும், அகலத்துக்கு மட்டும் 18.5 மி.மீ. போலப் பார்க்கும். அத்தனை அகலத்துக்குப் பழைய திரையரங்குப் புரொஜெக்டரிலிருந்து கழற்றிய அகலங்குறுக்கியின் சிறிய வாய் இடம் கொடுக்காது. முழுச்சட்ட (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தளவு சென்சார் உள்ள) கேமராவில் அதன் குழாயே இருபுறமும் கறுப்பாக உள்ளே வந்துவிடும். அந்தக் காணொளி சொல்லியிருக்க வேண்டியது இது: "அகலக்கோண வில்லையோடு சேர்ப்பதானால் சிறிய சென்சார் கேமராவில் 1.33 மடங்கு அகலங்குறுக்கியை எடுங்கள். 16:9 சட்டம் 2.37 ஆகும். முழுச்சட்டத்தில் 2 மடங்குதான் வேண்டுமென்றால் 85 மி.மீ. பக்கம் போங்கள்."