வேல்யூ பெட்: மதிப்பா, ஆதாயமா?

நாகர்கோவில் வடசேரியில் இருக்கும் என் தங்கை மகன் போக்கர் சீட்டாட்டத்தைப் பற்றித் தமிழில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருந்தான். ‘வேல்யூ பெட்’ வருகிற இடத்தில் ‘மதிப்புப் பந்தயம்’ என்று போட்டிருந்தான். தாளை வாங்கிப் படித்த என் அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “மானம் மரியாதைக்காகக் கட்டுகிற பந்தயமா இது?” என்று கேட்டார். “இல்லை பாட்டா, பணத்துக்காக” என்றான் அவன். “அப்படியானால் பணம் என்று எழுத வேண்டியதுதானே?”

அப்பா கேட்டதில் தவறில்லை. தமிழில் மதிப்பு என்பது விலையையும் குறிக்கும், மரியாதையையும் குறிக்கும். பந்தயத்தின் பக்கத்தில் வந்து நின்றால் மரியாதைதான் முன்னே தெரிகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதில் உள்ள கண்ணி இது.

முதலில் பொருள். நம் கைதான் மேலானது என்று நம்பி, நம்மைவிடத் தாழ்ந்த கையை வைத்திருப்பவர் அதே தொகையைப் போட்டு ஆட்டத்தில் நிற்கட்டும் என்ற எண்ணத்தோடு வைக்கும் பந்தயம் வேல்யூ பெட். எதிராளி சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் போகட்டும் என்று வைப்பது பிளஃப். ஒன்று வா என்கிறது, மற்றது போ என்கிறது. மேசையில் விழும்போது இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் போக்கரின் குணம். விளையாட்டுப் போட்டிகளின் மேல் பந்தயம் கட்டுகிறவர்களும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே பொருள் வேறு: உண்மையான வெற்றி வாய்ப்புக்குத் தர வேண்டியதைவிட அதிக விகிதத்தில் பணம் தருவதாகச் சொல்லும் பந்தயம். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

‘வேல்யூ’ ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. அதன் வேர் லத்தீனில் ‘வலேரே’. வலுவாக இருத்தல், தகுதி பெற்றிருத்தல் என்று பொருள். இதைக் கேட்டதும் ‘வலிமை’யிலிருந்துதான் வேல்யூ பிறந்தது என்று கிளம்புகிறவர்கள் உண்டு. ஒலி ஒத்துப்போனதால் மட்டும் இரண்டு சொற்கள் உறவாகிவிடாது. ‘பெட்’ 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் தென்படுகிறது. அதற்கு முந்தைய வரலாறு தெளிவில்லை. போக்கர் ஆட்டம் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படகுகளில் பரவியது. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் இணையத்தில் தகுதிச் சுற்று ஆடி லாஸ் வேகாஸ் சென்று உலகப் போட்டியை வென்ற பிறகு, வீட்டிலிருந்தே ஆடுகிறவர்கள் பெருகினார்கள். வேல்யூ பெட், நடுவில் குவிந்த பணத்தை மிஞ்சி வைக்கும் ஓவர்பெட், கடைசிப் பொதுச் சீட்டான ரிவர் போன்ற சொற்கள் கைப்பேசி வழியாக நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தது அந்த அலையில்தான்.

இனி இந்தச் சொல்லின் மையத்துக்கு வருவோம். எப்போது பெரிதாக வைப்பது? ‘கை பெரிதாக இருக்கும்போது’ என்பது முதலில் தோன்றும் விடை. அது பாதிதான் சரி.

தோவாளைப் பூச்சந்தைக்கு ஓணத்துக்கு முந்தைய நாட்களில் போயிருக்கிறீர்களா? விடியுமுன்பே கேரளத்து வியாபாரிகள் வண்டியோடு வந்து நிற்பார்கள். கேந்தியும் பிச்சியும் அரளியும் சாக்குச் சாக்காக இறங்கும். முந்தைய மாதம் விலை போகாமல் கிடந்த அதே பூவுக்கு அன்று பல மடங்கு விலை சொல்வார்கள். பூவின் தரம் ஒன்றும் உயர்ந்துவிடவில்லை. அத்தப்பூக்களம் போட வேண்டியவர் வெறும் வண்டியோடு திரும்ப முடியாது, அவ்வளவுதான். ஆடி மாதத்து மந்தமான நாளில் அதைவிட நல்ல பூவை வைத்துக்கொண்டு அதே விலையைச் சொன்னால், கேட்டவர் அடுத்த கடைக்கு நடந்துவிடுவார். வியாபாரி தன் பூவைப் பார்த்து விலை சொல்வதைவிட, எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் அதிகம் சொல்கிறார். வேல்யூ பெட்டின் அளவும் இப்படித்தான் முடிவாகிறது.

ஒரு கையை அருகில் வைத்துப் பார்க்கலாம். டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. பொதுச் சீட்டுகள் ராஜா, 8, 3, 5, ராஜா என்று விழுந்திருக்கின்றன. ஒரே சாதியில் மூன்று இல்லை. என் கையில் இரண்டு 8. மூன்று எட்டும் இரண்டு ராஜாவும் சேர்ந்து ஃபுல் ஹவுஸ், வெறும் மூன்று ராஜாவைவிட மேலான கை. எதிராளியிடம் ஒரு ராஜாவும் ஒரு ஏஸும் இருந்தால் அவருக்கு மூன்று ராஜா ஆயிற்று. எளிதில் கவிழ்க்க மனம் வராது. ராஜாவோடு ஏஸ், ராணி, ஜாக்கி, 10 ஆகிய நான்கில் ஒன்று அமையும் வகைகள் மொத்தம் 32. என்னை வெல்லும் கைகள் 15. அவற்றிலும் 12 வகைகள் ராஜாவோடு 3, ராஜாவோடு 5 என்ற, பலர் தொடக்கத்திலேயே வீசிவிடும் கைகள். குவிந்திருக்கும் பணத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ வைக்க இதுதான் இடம். ஓணத்துக்கு முந்தைய நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பொதுச் சீட்டுகளை ராஜா, ராஜா, 3, 5, 9 என்று மாற்றுவோம். என் கையில் மீதி இரண்டு ராஜாக்களும் இருக்கின்றன. நான்கு ராஜா! என்னை யாராலும் வெல்ல முடியாது. ஆனால் எதிராளியிடம் ராஜா இருக்க வழியே இல்லை. அவர் பணம் போடுவதற்குக் காரணமான சீட்டு முழுவதும் என் கையில் அடைந்து கிடக்கிறது. பெரிதாக வைத்தால் அவர் எழுந்துவிடுவார். மிகப் பெரிய கைக்கு மிகச் சிறிய வரவு. இதை முதன்முறை புரிந்துகொண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பூ முழுவதையும் நானே வாங்கி வைத்துக்கொண்டு, சந்தையில் ஆள் இல்லையே என்று விழிப்பது போல.

கணக்கு எளிது. நடுவில் 100 குவிந்திருக்கிறது, கடைசிச் சுற்று, நம் கைதான் மேலானது என்று கொள்வோம். 40 வைத்தால் பத்தில் ஆறு முறை ஏற்பார் என்றால் சராசரி வரவு 24. 100 வைத்தால் நான்கு முறைதான் ஏற்பார் என்றாலும் வரவு 40. 200 வைத்து ஒரு முறை மட்டும் ஏற்றால் 20. ஆக, அடிக்கடி ஏற்கப்படுவது குறி ஆகாது. தொகையையும் ஏற்கும் வாய்ப்பையும் பெருக்கினால் எது பெரிதோ அதுவே குறி. இதற்கும் முந்தைய நிபந்தனை ஒன்று உண்டு: நம் பந்தயம் ஏற்கப்படும் நேரங்களில் பாதிக்கு மேல் நாம் வெல்ல வேண்டும். ராஜா, 8, 3, 5, 2 என்ற பொதுச் சீட்டுகளின் முன் ராஜாவும் ராணியும் வைத்துக்கொண்டு 200 போடுகிறவர், இரண்டு 8 சேர்ந்த ஜோடி போன்ற தாழ்ந்த கைக்காரர்களை எல்லாம் விரட்டிவிட்டுத் தன்னை வெல்லக்கூடியவரை மட்டும் எதிரே நிறுத்திக்கொள்கிறார். பெயர் வேல்யூ பெட், வேலை பிளஃபினுடையது.

இணைய ஆட்டத்தில் முகம் தெரியாது. எதிராளி இதுவரை எவ்வளவு வைத்தார், எதற்கு எழுந்தார் என்ற பழக்கம்தான் முகம். திரையில் ‘பாதி’, ‘முழுக் குவியல்’ என்று பொத்தான்கள் இருப்பதால் பலர் யோசிக்காமல் அவற்றையே அழுத்துகிறார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா வாய்ப்பா என்ற வேறுபாடு பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதற்குத் தடை விதிக்கிறது. என் மருமகன் ஆடுவது காசில்லாத சில்லுகளோடு.

சரி, தமிழில் என்ன சொல்வது? பந்தயம் நன்றாக வேரூன்றிய சொல். தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் அதற்கு உறவுச் சொற்கள் உண்டு. பணயம் பழையது, ஆனால் செய்தித்தாள்களில் அது கைதிகளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒட்டம் என்றும் ஒரு சொல் இருக்கிறது. பந்தயம், பந்தயப் பொருள் என்று அகராதி சொல்லும். எனக்குப் பிடித்த சொல். ஆனால் ‘ஆதாய ஒட்டம்’ என்று எழுதினால் அச்சுப்பிழை என்று நினைத்து ‘ஓட்டம்’ ஆக்கிவிடுவார்கள்.

மருமகன் ‘தூண்டில் பந்தயம்’ என்று ஒன்றைச் சொன்னான். அழகான சொல், தூத்தூர் மீனவர்கள் தூண்டிலோடு ஆழ்கடலுக்குப் போகும் எங்கள் குமரி மாவட்டத்தில் சட்டென்று புரியவும் புரியும். இருந்தும் ஒரு சிக்கல். ‘வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம் தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று’ என்கிறது குறள். பந்தயம் வைக்கிறவன் தன்னைத் தூண்டில்காரன் என்று நினைக்கிறான். வள்ளுவர் வென்றவனையே மீன் என்கிறார். அந்தக் குறளை எதிர்த்துக்கொண்டு ஒரு கலைச்சொல் உருவாக்க எனக்குத் துணிவில்லை.

‘ஆதாயப் பந்தயம்’ என்பதில் போய் நின்றேன். மரியாதைக் குழப்பம் இல்லை; வரவு எங்கிருந்து என்ற கேள்வியும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. குவியலை மிஞ்சி வைப்பது ‘மிகைப் பந்தயம்’. அதே தொகையைப் போட்டு நிற்பது ‘ஈடு கட்டுதல்’. ஈடு என்பதில் சமமும் அடைமானமும் சேர்ந்தே இருப்பது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

அப்பாவுக்கு இதெல்லாம் பாதிதான் பிடித்தது. அவர் ஆடும் ‘இருபத்தெட்டு’ என்ற சீட்டாட்டத்தில் ஜாக்கிதான் தலை. ராஜாவுக்குப் புள்ளியே கிடையாது. நான்கு ராஜாவை வைத்துக்கொண்டு என்ன அமர்க்களம் என்றார். அந்த ஆட்டத்தில் ஏலம் கேட்பது தன் கையையும் கூட்டாளியின் கையையும் நம்பி. எதிராளி ஏற்பானா என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. பிளஃபுக்கு மட்டும் அவரிடமே கேட்டேன். கையில் ஒன்றும் இல்லாமல் ஆளைக் கிளப்புவதற்கு என்ன சொல்வீர்கள் என்று. “வெருட்டு” என்றார் உடனே.