காய்ச்சலோடு வருகிறவரின் உடம்பில் ஒரு பொருக்கைத் தேடுங்கள்

போன மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஒன்பது நாளாகக் காய்ச்சல். உள்ளூரில் ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, டெங்கு டெஸ்ட் இரண்டு தடவை எடுத்து, இரண்டும் நெகட்டிவ். பிளேட்லெட் 70,000, லேசாக மூச்சுவாங்கல், தலையைத் தூக்க முடியாத வலி. "உடம்புல எங்கேயாவது புண்ணு இருக்காம்மா?" என்றேன். "இல்லம்மா" என்றார். ரவிக்கையைத் தளர்த்திப் பார்த்தால், இடது மார்பின் அடி மடிப்பில், பீடி நெருப்பை வைத்து அழுத்தியது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலிக்கவில்லை, அரிக்கவில்லை, அதனால் அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. "சூட்டுக் கொப்புளம்னு நெனச்சேன்."

அது ஸ்க்ரப் டைபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம், எனக்கு அந்தப் பெயரே பிடிக்காது. உண்ணி என்றதும் நாய், மாட்டைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். கடிப்பது அந்த உண்ணி இல்லை, புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒரு நுண்ணிய பூச்சியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், கடிப்பதே தெரியாது. அதன் வழியாக உள்ளே போகும் பாக்டீரியா நம் செல்லுக்குள்ளேயே குடியேறிவிடும். வழக்கமாகப் போடும் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியை எத்தனை நாள் போட்டாலும் காய்ச்சல் இறங்காததற்குக் காரணம் இந்தப் பாக்டீரியாவிடம் அந்த மருந்து எடுபடாததுதான். டாக்ஸிசைக்ளின் என்ற பழைய, மலிவான மாத்திரை கேட்கும். பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் போகும்.

இது அபூர்வ நோய் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்நாட்டில் 37 கிராமங்களில் 32,000-க்கும் மேற்பட்டவர்களை இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2025-இல் வெளியானது. வேலூர் சிஎம்சியும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது. கிராமத்து மக்களில் பத்து சதவீதம் பேர் வரை ஒவ்வொரு வருடமும் இந்தத் தொற்றுக்கு ஆளாகிறார்களாம். பலருக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடுகிறது. ஆனால் காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரியில் படுக்கிறவர்களில் இதுதான் காரணம் என்று வருகிறவர்கள் கணிசம். ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை எங்களுக்கு இதே வேலைதான்.

முற்றிய நிலையில் என்ன கொடுப்பது என்பதற்கும் இங்கேயே பதில் கிடைத்தது. இந்தியாவில் ஏழு ஆஸ்பத்திரிகளில், சுமார் 800 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு அது. டாக்ஸிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று விதமாக நரம்பு வழியாகக் கொடுத்தார்கள். 28 நாளுக்குள் இறப்பு, ஏழாம் நாளிலும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல், இதில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் சேர்த்துக் கொடுத்த குழுவில் 33 சதவீதம். தனித்தனியாகக் கொடுத்த குழுக்களில் 47, 48. இறப்பில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அப்புறம், இது தீவிர நிலையில் இருப்பவர்களுக்கான விஷயம். இதைப் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரையையும் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ரத்தப் பரிசோதனை இருக்கிறது, ஆனால் முதல் ஐந்தாறு நாள் அது நெகட்டிவ் காட்டக்கூடும். பொருக்கு அப்படியில்லை, காய்ச்சல் வரும்போதே பெரும்பாலும் கூடவே இருக்கும், இருந்தால் வைத்தியத்தை அப்போதே ஆரம்பித்துவிடலாம். எல்லோருக்கும் இருக்காது என்பது வேறு விஷயம். சிக்கல் என்னவென்றால் அது இருக்கிற இடம். அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடி, இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடம். கூட்டம் நிற்கும் ஓபியில் ஆண் டாக்டர் கேட்கத் தயங்குவார், வந்த அம்மா சொல்லக் கூச்சப்படுவார், இருவரும் சேர்ந்து நோயை விட்டுவிடுவார்கள். அதனால்தான் வீட்டிலேயே பாருங்கள் என்கிறேன். குளிக்கும்போது ஒரு கண்ணாடி போதும், பாட்டிக்கு மகளோ பேத்தியோ பார்க்கட்டும்.

அந்த அம்மா நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். பத்து நாள் கழித்து ரிவ்யூவுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டி வந்திருந்தார், மூன்று நாள் காய்ச்சல். நான் ஸ்டெத்தை எடுப்பதற்குள், "அக்குள்ல இருக்கு டாக்டரம்மா, நானே பாத்துட்டேன்" என்றார்.