கடலடியில் ஒரு காது

2024 கிறிஸ்துமஸ் நாள், மதியம் 12.26 மணி. பின்லாந்தையும் எஸ்தோனியாவையும் கடலுக்கு அடியில் இணைக்கும் எஸ்ட்லிங்க்-2 மின்கம்பியில் ஓடிய மின்சாரம் சட்டென்று நின்றது. 650 மெகாவாட் கொண்டுசெல்லக்கூடிய கம்பி அது. அதோடு முடியவில்லை. அதன் பிறகு நான்கு தொலைத்தொடர்புக் கேபிள்களும் அறுந்தன. மறுநாள் அதிகாலை பின்லாந்து அதிகாரிகள் ஹெலிகாப்டரில் போய் 'ஈகிள் எஸ்' என்ற எண்ணெய்க் கப்பலில் இறங்கினார்கள். அதன் ஒரு நங்கூரத்தைக் காணவில்லை. கடல்தரையில் சுமார் 90 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஏர் உழுததைப் போன்ற தடம் கிடந்தது.

என்னை உறுத்துவது அந்த 90 கிலோமீட்டர்தான். முதல் கம்பி அறுந்த பிறகும் நங்கூரம் இழுபட்டுக்கொண்டே போயிருக்கிறது. அந்த வழியெங்கும் கேட்கும் காது ஒன்று இருந்திருந்தால், மற்ற நான்கில் சிலவற்றையாவது காப்பாற்றியிருக்கலாம்.

அப்படியொரு காதைக் கடலடியில் புதிதாகக் கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே அங்கே கிடக்கும் கேபிளையே காதாக மாற்ற முடியும். ஐரோப்பியப் பாதுகாப்புத் துறை இன்று கையில் எடுத்திருக்கும் புதிய தொழில்நுட்பங்களில், ஏவுகணைகளையும் ட்ரோன்களையும் விட எனக்கு வியப்பளிப்பது இதுதான்.

ஓட்டு வீட்டில் பகல் நேரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஓட்டின் இடுக்கு வழியாக வெயில் ஒரு கோலைப்போல உள்ளே இறங்கும். அந்தக் கோல் நம் கண்ணுக்குத் தெரிவதற்குக் காரணம் காற்றில் மிதக்கும் தூசி. தூசி இல்லாவிட்டால் ஒளி நம்மைத் தாண்டிப் போய்விடும், கண்ணுக்கு எட்டாது.

கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழை, தலைமுடி அளவே தடிமன் கொண்டது. எவ்வளவு தூய்மையாக வார்த்தாலும், கண்ணாடி உறையும்போது அதில் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகள் தங்கிவிடுகின்றன. அவையே அந்த இழையின் தூசி. உள்ளே லேசர் ஒளியைச் செலுத்தினால், அதில் மிகமிகச் சிறு பங்கு ஒவ்வோர் இடத்திலும் சிதறி, வந்த வழியே திரும்புகிறது. வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று 1871-ல் இயற்பியலாளர் இராலே பிரபு விளக்கினாரே, அதே வகைச் சிதறல்தான் இது.

கரையில் இருக்கும் கருவி ஒளியைத் துடிப்பு துடிப்பாக அனுப்புகிறது. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். அனுப்பிய துடிப்பு அரை மில்லி வினாடியில் திரும்பி வந்தால், அது 50 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்தது என்று பொருள். கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வரும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணிப்பது போன்ற கணக்கு இது.

எங்கிருந்து வந்தது என்பது இப்படித் தெரிகிறது. அங்கே என்ன நடந்தது என்பது எப்படித் தெரியும்? பத்து மீட்டர் நீளத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் இருக்கும் ஆயிரமாயிரம் ஏற்றத்தாழ்வுகள் கோலப் புள்ளிகளைப்போல இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, அந்தத் துண்டுக்கே உரிய ஒரு கோலத்தை உண்டாக்குகின்றன. கடல்தரை அதிர்ந்தால் இழை மிக லேசாக நீளும், சுருங்கும். புள்ளிகள் நகர, கோலம் மாறிவிடும். பத்து மீட்டரில் பத்து நானோமீட்டர் நீண்டாலே கருவிக்குத் தெரிந்துவிடும். ஒரு தலைமுடியின் தடிமனைப் பல ஆயிரம் கூறுகளாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு அது.

இதே இழையில் வேறு வகையாகச் சிதறும் ஒளியைப் பிரித்தெடுத்து, கம்பியின் வெப்பநிலையையும் அளக்கிறார்கள். அதற்குப் பயன்படுவது ராமன் சிதறல். திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1928-ல் கண்டறிந்தது.

காது எவ்வளவு கூர்மையானது என்பதற்கு, வடதுருவத்துக்கு அருகே நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு சான்று. அங்கே கடலடியில் கிடந்த சாதாரணத் தொலைத்தொடர்புக் கேபிளில் 120 கிலோமீட்டர் நீளத்தைக் கேட்டு, திமிங்கிலங்களின் குரலைப் பதிவு செய்தார்கள். 2022-ல் முடிவுகள் வெளிவந்தன. கப்பல்களின் இரைச்சலும், தொலைதூரப் புயல்கள் எழுப்பிய அலைகளும் அதே இழையில் பதிவாகியிருந்தன. திமிங்கிலத்தைக் கேட்கும் இழைக்கு, தரையைக் கிழித்துக்கொண்டு வரும் டன்கணக்கான இரும்பு கேட்காமல் போகாது. கப்பல் தன் இருப்பிடத்தைச் சொல்லும் ஒலிபரப்புக் கருவியை அணைத்துவிட்டு வந்தாலும், புரொபெல்லர் சுழலும் அதிர்வை அணைக்க முடியாது.

ஆனால் இந்தக் காது எல்லாத் தொலைவுக்கும் எட்டாது. இழைக்குள் ஒளி 50 கிலோமீட்டர் போவதற்குள் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 100 கிலோமீட்டரில் நூறில் ஒரு பங்கு. திரும்பி வரும் வழியிலும் அதே தேய்மானம். ஏற்கெனவே அணுவளவாகச் சிதறிய ஒளி மேலும் பத்தாயிரத்தில் ஒன்றாக வந்து சேர்ந்தால், அதில் எதைப் படிப்பது? நீண்ட கேபிள்களில் ஒளியை ஊக்கப்படுத்தப் பெருக்கிகள் உண்டு. அவை பொதுவாக ஒளியை ஒரு திசையில் மட்டுமே போகவிடும். திரும்பி வரும் ஒளி அங்கேயே தடுக்கப்பட்டுவிடும். அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே என்ன நடக்கிறது என்பதை இந்த முறையில் கரையிலிருந்து கேட்க முடியாததற்கு அதுவே காரணம்.

பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் நடுவே கிடக்கும் பால்டிக் கடல் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது. அது சிறியது, ஆழம் குறைந்தது. சராசரி ஆழம் சுமார் 55 மீட்டர்தான். இரு நாடுகளின் தலைநகரங்களான ஹெல்சிங்கிக்கும் டாலினுக்கும் நடுவே கடல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். இரு கரைகளிலும் கருவி வைத்தால் ஆளுக்குப் பாதி தூரம் கேட்டாலே போதும். கடலடி மின்கம்பிகள் பலவற்றில் கண்ணாடி இழையும் சேர்த்தே வைக்கப்பட்டிருக்கிறது.

கேட்பதைவிடக் கடினமான வேலை, கேட்டதைப் புரிந்துகொள்வது. 100 கிலோமீட்டரைப் பத்து மீட்டர் துண்டுகளாகப் பார்த்தால் 10,000 துண்டுகள். வினாடிக்கு ஆயிரம் முறை அளந்தால், ஒவ்வொரு வினாடியும் ஒரு கோடி அளவீடுகள் வந்து குவியும். அலை, மீன்பிடி வலை, படகு, நிலநடுக்கம் எல்லாம் அதில் கலந்திருக்கும். நங்கூரம் இழுபடும் சத்தத்தை மட்டும் பிரித்தெடுக்க செயற்கை நுண்ணறிவைப் பழக்குகிறார்கள். அது பொய்யாகக் கூவினால் நாளுக்குப் பத்து முறை ரோந்துக் கப்பல் ஓட வேண்டியிருக்கும். மூன்றாம் நாள் யாரும் நம்ப மாட்டார்கள். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது: உலகம் முழுவதும் ஆண்டுக்கு 150 முதல் 200 கேபிள் பழுதுகள் ஏற்படுகின்றன, பெரும்பாலானவை மீன்பிடி வலையாலும் தவறிப் போட்ட நங்கூரத்தாலும் நேர்பவை. இழை அதிர்வைச் சொல்லும். கப்பலில் இருப்பவரின் மனதைச் சொல்லாது.

கப்பலைப் பிடித்துவிட்டாலும் தண்டிப்பது எளிதல்ல. ஈகிள் எஸ் வழக்கே அதற்குச் சாட்சி. எஸ்ட்லிங்க்-2 மறுபடி இயங்க 2025 ஜூன் ஆயிற்று. அக்டோபரில் ஹெல்சிங்கி நீதிமன்றம், சம்பவம் பின்லாந்தின் ஆட்சிக் கடல் எல்லைக்கு வெளியே நடந்ததால் விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. பிறகு பிடித்துத் தண்டிப்பதை நம்பி இருக்க முடியாது என்பதால்தான், கம்பி அறுவதற்கு முன்பே எச்சரிக்கும் காதுக்கு இத்தனை மதிப்பு. 2025 ஜனவரியில் நேட்டோ 'பால்டிக் சென்ட்ரி' என்ற கண்காணிப்பைத் தொடங்கியது. போர்க்கப்பல்களும் விமானங்களும் சுற்றிவருகின்றன. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவற்றுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. காதுக்கு நண்பன், பகைவன் என்ற வேறுபாடு கிடையாது. கேபிளுக்கு மேலே போகும் சொந்த நாட்டுக் கடற்படைக் கப்பலின் அதிர்வும் அதே பதிவில் இருக்கும். கேபிள்களோ பெரும்பாலும் தனியார் நிறுவனங்களின் கையில். அந்தப் பதிவுகளை யார் வைத்திருப்பது, ஆய்வாளர்களுக்கு எவ்வளவு கொடுப்பது, எதை அழிப்பது என்பதையெல்லாம் கருவியைப் பொருத்தும் முன்பே கடற்படையும் நிறுவனங்களும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.