சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசுவதை நிறுத்துங்கள்

மறுபடியும் அதே கதை. சென்னையில் நூறு வயது தாண்டிய ஓர் அரசுக் கட்டடம். வராந்தாச் சுவரில் இடுப்பளவுக்கு இருந்த சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, 1:4 சிமெண்ட் கலவையில் (ஒரு பங்கு சிமெண்ட், நான்கு பங்கு மணல்) 20 மி.மீ. பூசி, அதன்மேல் எமல்ஷன் பெயிண்டும் அடித்திருக்கிறார்கள். இரண்டாவது மழைக்காலம்கூட முடியவில்லை. சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே, தோள் உயரத்தில், பழைய பூச்சு பொரிந்து கொட்டுகிறது; செங்கல்லை விரலால் தேய்த்தால் மாவாக உதிர்கிறது. இப்போது வந்திருக்கும் கேள்வி: “அந்த உயரத்துக்கும் சிமெண்ட் ஏற்றிவிடலாமா?”

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். சிமெண்ட் சுவரின் ஈரத்தை வெளியே விடாது; இப்போது தோளில் இருக்கும் ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், அடுத்து தலைக்கு மேல் போகும், அவ்வளவுதான் நடக்கும்.

சேப்பாக்கம் அரண்மனை 1768. கட்டடக் கலைஞர் சிஸ்ஹோம் வடிவமைத்த செனட் இல்லம் 1879. உயர் நீதிமன்றம் 1892. ஹென்றி இர்வினின் எழும்பூர் ரயில் நிலையம் 1908. ரிப்பன் மாளிகை 1913. இந்தியாவின் தொடக்ககாலச் சிமெண்ட் ஆலைகளில் ஒன்றான போர்பந்தர் ஆலையில் உற்பத்தி தொடங்கியதே 1914-இல்தான். இந்தக் கட்டடங்களின் செங்கல் வேலை சுண்ணாம்பை நம்பி எழுந்தது. தடித்த சுவர், அடுக்கடுக்கான வளைவுகள், ஆழமான வராந்தா, குவிமாடம் ஆகியவற்றின் வடிவக் கணக்கு முழுவதிலும் மெதுவாக இறுகி, கொஞ்சம் வளைந்து கொடுத்து, ஈரத்தை வெளியே விடும் ஒரு கலவை உள்ளடங்கியிருக்கிறது. அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டால் வடிவமைப்பையே மாற்றுகிறோம் என்று பொருள்.

எஸ்டிமேட் போடும் மேசையிலிருந்து கேண்டீன் வரை எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: “சுண்ணாம்பு அந்தக் காலத்துச் சரக்கு, பலம் கிடையாது, சிமெண்ட் போட்டால் ஸ்ட்ராங்.” இதைப் பொறுமையாக ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

12 மீட்டர் உயரச் செங்கல் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல் கட்டின் எடை கன மீட்டருக்குச் சுமார் 1,900 கிலோ. அடிவரிசைச் செங்கல் தாங்கும் சுவரின் சொந்த எடை சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 0.23 நியூட்டன். மாடித் தளம், கூரை, ஆட்கள், ஃபைல் அலமாரிகள் எல்லாவற்றையும் சேர்த்து இதை இரண்டு மடங்காக்கினாலும் 0.5-ஐத் தொடாது. நன்றாக இறுகிய பழைய சுண்ணாம்புக் கலவை ஒன்று முதல் இரண்டு நியூட்டன் வரை தாங்கும். அதாவது, தேவைக்கு இரண்டு மூன்று மடங்கு பலம் அந்தச் சுவரில் ஏற்கெனவே இருக்கிறது. 1:4 சிமெண்ட் கலவையின் பலம் 7.5 நியூட்டன் என்பது உண்மை. அந்தப் பலத்தைக் கேட்பதற்கு அங்கே பாரம்தான் இல்லை.

இது செங்கல்களுக்கு இடையில் இருக்கும் கலவையின் கணக்கு. நீங்கள் கொத்தி எடுப்பது வெளிப்பூச்சை. பூச்சு பாரம் சுமப்பதே இல்லை! அதன் வேலையே வேறு. சுவருக்குள் போன நீரை வெளியே விட வேண்டும், நீரோடு வரும் உப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ள வேண்டும், சில பத்தாண்டுகளில் தான் தேய்ந்து அழிந்து செங்கல்லைக் காப்பாற்ற வேண்டும். பூச்சு கெட்டுப்போயிருக்கிறது என்றால் அது வேலை செய்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அதைவிடக் கெட்டியான ஒன்றை மேலே போட்டால், அழிய வேண்டிய முறை செங்கல்லுக்கு வந்துவிடும். பூச்சை மாற்றலாம், 1870-களில் சுட்ட செங்கல்லை மாற்ற முடியாது.

வெள்ளை சிமெண்டும் சிமெண்ட்தான். வால் புட்டியும் அப்படியே. சுண்ணாம்பைப் போல வெள்ளையாக இருப்பதால் அது சுண்ணாம்பாகிவிடாது. “சுண்ணாம்புக் கலவையில் கொஞ்சமே கொஞ்சம் சிமெண்ட் சேர்த்துக்கிறோம் சார், சீக்கிரம் இறுகும்” என்பது அடுத்தது. கொஞ்சம் சேர்ப்பதுதான் ஆகக் கெடுதல். சிமெண்ட் முதலில் இறுகி, சுண்ணாம்பு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி மெதுவாகக் கெட்டிப்படுவதைக் கெடுக்கிறது. கிடைப்பது இரண்டின் குணமும் இல்லாத ஒரு கலவை, கூடவே உப்பு. சீக்கிரம் இறுக வேண்டும் என்றால் சுர்க்கி, அதாவது செங்கல் தூள், சேருங்கள். நன்றாகச் சுட்ட செங்கல்லை விட மிதமாகச் சுட்ட செங்கல்லின் தூள்தான் சுண்ணாம்போடு வினைபுரியும். சூளையில் கருகிய செங்கல்லை இடித்துப் போட்டுவிட்டு சுர்க்கி என்று பில் எழுதாதீர்கள்.

அடுத்தது ஓதம். சுவர் ஈரமாக இருக்கிறது என்றதும் ‘வாட்டர்ப்ரூஃபிங்’ ஏஜென்சியைக் கூப்பிடுகிறோம். அவர் ஒரு பூச்சைக் காட்டுகிறார், பத்து வருட வாரண்டி என்கிறார். நீர் எங்கிருந்து வருகிறது என்று யாருமே பார்ப்பதில்லை. நவம்பரில் மழை கொட்டும்போது குடையோடு போய் அரை மணி நேரம் அந்தக் கட்டடத்தைச் சுற்றுங்கள். வெயில் நாளில் எடுத்த போட்டோ எதையும் சொல்லாது. மொட்டைமாடியின் நீர்த்துவாரத்தில் காய்ந்த இலையும் புறா எச்சமும் அடைத்திருக்கும். பழைய வார்ப்பிரும்புக் குழாய் பின்பக்கம் வெடித்து, சுவரை ஒட்டியே நீர் வழியும். குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் விரல் போகாத அளவுக்கு இடைவெளி என்பதால் பெயிண்ட் அடிப்பவருக்குக்கூட அது தெரிந்திருக்காது. ஏ.சி. டிரெயின் பைப் ஒன்று ஜன்னல் அடியில் பல வருடமாகச் சொட்டிக்கொண்டிருக்கும்.

தரையைப் பாருங்கள். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், மூன்று படி ஏறிப் போன வராந்தா இன்று சாலை மட்டத்துக்கு வந்திருக்கிறது. வெளித்தரை உள்தரையைவிடக் குறைந்தது 15 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். சுவரை ஒட்டி 60 செ.மீ. அகலத்துக்கு சிமெண்ட் தளத்தையும் பூச்செடிப் பாத்தியையும் அகற்றி, ஜல்லி நிரப்பி, நீர் வெளியே ஓடும்படி வாட்டம் கொடுங்கள். வராந்தாவில் பதித்த கிரானைட், விட்ரிஃபைடு டைல் எல்லாம் தரைக்கடியில் இருக்கும் ஈரத்தைச் சுவர் வழியாகத்தான் வெளியேறச் செய்யும். பெரும்பாலான ‘ஓதப் பிரச்சினை’ இந்த இரண்டு மூன்று வேலைகளில் பாதிக்கு மேல் அடங்கிவிடும். செலவும் குறைவு. குறைவு என்பதாலேயோ என்னவோ எஸ்டிமேட்டில் அதைக் காணோம்.

அதன்பிறகும் பொறுமை வேண்டும். ஈரச் சுவர் உலர, ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது வேலைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. 18 அங்குலச் சுவரை மூன்று வாரத்தில் உலர்த்திப் பூசிவிட முடியாது. உப்பு பூத்திருந்தால் நீர் விட்டுக் கழுவாதீர்கள், அது கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த தூரிகையால் துடைத்து, தூளைக் கீழே விடாமல் வாரி அப்புறப்படுத்துங்கள்.

சுவரின் மேல் பெயிண்ட் இருக்கிறதா, சுண்ணாம்பு வெள்ளையா என்று சந்தேகம் இருந்தால் ஸ்ப்ரே பாட்டிலில் நீர் எடுத்து அடித்துப் பாருங்கள். சுவர் உறிஞ்சிக் கருத்தால் சரி. முத்து முத்தாக உருண்டு வழிந்தால் சுவரின் வாயைக் கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

மேலே, மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின்மேல் ஓர் அங்குலத் தடிமனுள்ள சிறு செங்கற்களைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கடுக்காய் வெல்ல நீர் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்த கூரை. இதற்கென்று ஐ.எஸ். 2119 என்று தனித் தரநிலையே இருக்கிறது. அதைப் படிக்காமலேயே இந்தக் கூரைகளில் வேலை நடக்கிறது.

ஒழுகுகிறது என்றதும் பழைய தட்டோட்டை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொரு ஜல்லித் தளம் போடுகிறார்கள். 10 செ.மீ. ஜல்லிக்காரை சதுர மீட்டருக்குச் சுமார் 190 கிலோ. 6-க்கு 9 மீட்டர் அறை என்றால் பத்து டன்னுக்கு மேல். நூறு வருடத் தேக்கு உத்திரத்தின் தலையில், அதுவும் சுவருக்குள் புதைந்த முனை ஈரத்தில் மக்கியிருக்கும்போது, பத்து டன்! பல கூரைகளில் இப்படி இரண்டு மூன்று அடுக்கு பார்க்கலாம். மேலே எதையும் போடுவதற்கு முன் கைபிடிச்சுவர் ஓரத்தில் ஒரு சதுர அடி திறந்து எத்தனை அடுக்கு என்று பாருங்கள். உத்திரத்தின் முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள்; நடுப்பகுதி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், அதைத் தட்டிப் பார்த்து சர்டிஃபிகேட் கொடுக்காதீர்கள்.

கைபிடிச்சுவரில் முளைத்த அரசங்கன்றைக் கையால் பிடுங்குவதும் வேண்டாம். பிடுங்கினால் செங்கல்லும் சேர்ந்து வரும், வேர் உள்ளேயே நிற்கும். அடியோடு வெட்டி, வெட்டுவாயில் உடனே களைக்கொல்லி தடவி, வேர் செத்தபின் அந்தப் பொந்தில் சுண்ணாம்புக் குழம்பைச் செலுத்தி அடையுங்கள்.

பூசாத செங்கல் முகப்புக்கு வருகிறேன். இதன்மேல் சாண்ட் பிளாஸ்டிங் செய்வதைப் போன்ற கொடுமை வேறில்லை. செங்கல்லின் மேல்தோல் சூளையில் வெந்து கெட்டிப்பட்டது. உள்ளே மெத்தென்று இருக்கும். மணலை வீசி அந்தத் தோலை உரித்துவிட்டால் ‘புதுசு மாதிரி’ சிவப்பாகத் தெரியும், அடுத்த மழையிலிருந்து நீரைக் குடிக்கத் தொடங்கும். நீரும் மென்மையான நார்த் தூரிகையும் போதும். போகாத கறை இருக்கட்டும். கலவை உதிர்ந்த இணைப்புகளில் சிமெண்ட் பாயிண்டிங் செய்து, கோடு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று செங்கல் முகத்துக்கு மேல் துருத்தி நிற்க விடுகிறார்கள். மழை நீர் அந்த விளிம்பில் தங்கும். சுண்ணாம்பால் நிரப்புங்கள், செங்கல் முகத்தைவிட இம்மியளவு உள்ளே நிறுத்துங்கள்.

விரிசல் கண்டதும் அடைக்க ஓடாதீர்கள். அது இன்னும் நகர்கிறதா, எப்போதோ நின்றுவிட்டதா என்று முதலில் தெரிய வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் ஜிப்சம் கலவையால் ஒட்டி, தேதி எழுதுங்கள். ஒரு மழையும் ஒரு கோடையும் கடந்து கண்ணாடி முழுசாக இருந்தால் நிரப்பலாம். உடைந்தால் காரணம் கீழே, அடித்தளத்தில் இருக்கலாம். ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் வரட்டும்.

மின்சார வயரிங் பற்றி ஒரே ஒரு வார்த்தை. 2012 ஜனவரியில் அரசு அலுவலகங்கள் இயங்கிவந்த சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மகால் எரிந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். தீ எப்படிப் பிடித்தாலும், தேக்குக் கூரையின் கீழ் கட்டுக்கட்டாகக் காகிதம் இருந்தால் எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். உத்திரத்தில் ஆணியடித்து வயர் இழுக்காதீர்கள், பழைய ஃபைல்களை அப்புறப்படுத்துங்கள். எரிந்த அந்த மகாலைப் பொதுப்பணித்துறை சுண்ணாம்புக் கலவையிலேயே மீட்டுக் கட்டியது. ஆகவே, “இந்தக் காலத்தில் சுண்ணாம்பு வேலைக்கு ஆள் எங்கே?” என்ற பேச்சும் வேண்டாம். ஆள் இருக்கிறார்கள். வேலைதான் கொடுப்பதில்லை.

அவர்களை வேலைக்கு வைத்தபின் அவசரப்படுத்தாதீர்கள். சூளையில் சுட்ட சுண்ணாம்புக்கல்லை நீரில் போட்டு நீர்க்க வைக்க வேண்டும். குவித்து வைத்த கல்லின்மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். நீர்த்த சுண்ணாம்பு தொட்டியில் நீருக்கடியில் குறைந்தது இரண்டு வாரம் கிடக்கட்டும். கடையில் மூட்டையில் வரும் தூளானால் ஒரு சிட்டிகையில் நீர்த்த அமிலம் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அது ஏற்கெனவே செத்த சுண்ணாம்பு, திருப்பி அனுப்புங்கள். கலவை விகிதத்தை வாய்க்கு வந்தபடி எழுதாமல், அந்தக் கட்டடத்தின் பழைய கலவையை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பொருத்துங்கள். ஒரு தடவைக்கு 12 மி.மீ.க்கு மேல் ஏற்ற வேண்டாம். பூசியபின் கோணிச்சாக்கு கட்டி, இரண்டு வாரமாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் பூசினால் மேல்தோல் வெடிக்கும். மார்ச் 31-க்குள் பில் போட வேண்டும் என்பது சுண்ணாம்புக்குத் தெரியாது.

ஏற்கெனவே சிமெண்ட் பூசியாயிற்று என்றால், பிரேக்கர் மெஷினைக் கொண்டுவராதீர்கள். சுத்தியலால் மெல்லத் தட்டி, பொள்ளென்று ஒலிக்கும் இடங்களில் மட்டும் உளியைச் சாய்வாகப் பிடித்துக் கையால் எடுங்கள். சிமெண்டோடு செங்கல் முகமும் பெயர்ந்து வந்தால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். அந்த இடம் அப்படியே இருக்கட்டும்.

டெண்டர் முடிந்து ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது என்று சொல்லும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். சிமெண்ட் பூச்சு ஐட்டத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள். முதலில் நீர்த்துவாரங்களைத் திறந்து, குழாய்களை மாற்றி, சுவரோரத் தரையை இறக்குங்கள். ஒரு மூலையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சுண்ணாம்புப் பூச்சு மாதிரி போட்டு, ஒரு மழைக்காலம் முழுவதும் விட்டுப் பாருங்கள். அதற்கான திருத்த எஸ்டிமேட்டை எழுத ஒரு மதியம் போதும்.