வீட்டுக் கடனை முன்னதாகவே அடைத்தால் அபராதம் கட்ட வேண்டுமா?

மாசியில் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் அக்கவுண்டில் ஏறியது. வீட்டுக் கடனில் மிச்சமிருப்பதை ஒரேயடியாகக் கட்டிவிடலாம் என்று மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் மச்சான் பேங்குக்குப் போனார். "முன்னாடியே முடிச்சா ரெண்டு பர்சன்ட் சார்ஜ் வரும் சார்" என்றார்களாம். திரும்பி வந்துவிட்டார். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து சாங்ஷன் லெட்டரை, அதாவது கடனுக்கு பேங்க் கொடுத்த ஒப்புதல் கடிதத்தைப் படித்தோம். வட்டி வகை என்ற இடத்தில் 'ஃப்ளோட்டிங்' என்று இருந்தது. மறுநாள் போய், எந்த விதிப்படி இந்த சார்ஜ் என்று எழுதிக் கொடுங்கள் என்றோம். எழுதியும் கொடுக்கவில்லை, சார்ஜும் போடவில்லை.

ஃப்ளோட்டிங், அதாவது ஏறி இறங்கும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனுக்கு வங்கிகள் இந்த அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூன் மாதமே சொல்லிவிட்டது. 2014-ல், தனிநபர் வாங்கும் மற்ற ஃப்ளோட்டிங் தவணைக் கடன்களுக்கும் அதை விரித்தது. மனைவியோ அண்ணனோ கூட்டாகக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் விதி மாறாது.

இடத்தை அடமானம் வைத்துத் தொழிலுக்கு வாங்கிய கடனில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கும்பகோணத்தில் பாத்திரக் கடைக்காக ஒருவர் 2023-ல் நிதி நிறுவனத்தில் கடன் வாங்கினார், 4 சதவீத அபராதத்துக்கும் கையெழுத்துப் போட்டார் என்று வையுங்கள். 12 லட்சம் பாக்கி இருக்கும்போது முடித்தால் 48,000 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 8,640. பழைய தொழில் கடனுக்கு அந்த ஒப்பந்தம்தான் பேசும்.

2026 ஜனவரி 1 முதல் கொடுக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் ஃப்ளோட்டிங் கடன்களுக்கு நிலைமை வேறு. தனிநபருக்கும் குறு, சிறு தொழில்களுக்கும் தரும் தொழில் கடனிலும் வணிக வங்கிகளும் பெரிய நிதி நிறுவனங்களும் அபராதம் போட முடியாது. மத்தியக் கூட்டுறவு வங்கி, கிராம வங்கி, சிறு நிதி வங்கி போன்றவற்றில் இந்தச் சலுகை 50 லட்சம் வரையிலான கடனுக்கு. பணம் எங்கிருந்து வந்தது, நிலம் விற்றதா, வேறு வங்கிக்குக் கடனை மாற்றுகிறீர்களா என்பதெல்லாம் கணக்கில் வராது. இத்தனை மாதம் கழித்துத்தான் முடிக்கலாம் என்ற கட்டாயமும் இல்லை.

நிலையான வட்டிக் கடனுக்கு ஒப்பந்தத்தில் உள்ளபடி சார்ஜ் வரலாம். முதல் சில வருடம் நிலையான வட்டி, அப்புறம் ஃப்ளோட்டிங் என்று இருந்தால், பணம் கட்டும் நாளில் எந்த வட்டி ஓடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

முழுதும் அடைக்க முடியாவிட்டாலும் கொஞ்சம் கட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன். 20 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 17,356 ரூபாய். முதல் தவணையில் 14,167 வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 3,189 மட்டும். முதல் வருட முடிவில் கூடுதலாக ஒரு லட்சம் கட்டி, தவணைத் தொகையை அப்படியே விட்டால், வட்டி மாறாத பட்சத்தில் கடைசியில் ஏறக்குறைய 26 தவணை குறைகிறது. கட்டும்போதே 'காலத்தைக் குறையுங்கள்' என்று எழுதிக் கொடுங்கள்.

கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தந்து, அடமானப் பதிவையும் நீக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

வங்கி மறுத்தால் முதலில் அங்கேயே எழுத்தில் புகார் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. 14448 என்ற போன் எண்ணில் விவரம் கேட்கலாம்.

பத்திரம் கைக்கு வந்ததோடு மச்சான் நிறுத்தவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்து ரசீது பதிவாகும்வரை அலைந்தார். பிறகு வில்லங்கம் போட்டு, கடைசி வரியில் அந்த ரசீது ஏறியிருப்பதைப் பார்த்தபிறகுதான் தாய்ப்பத்திரத்தை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.